நெட்டையின் இரண்டாவது மரண அறிவிப்பு

தையல்காரருடைய ஆள் இரண்டாவது தடவையாக இறந்துபோன செய்தி, செவ்வாய்க்கிழமை காலைப் பேப்பரின் ஒன்பதாம் பக்கத்தில் வந்திருந்தது. முதல் தடவை அவன் இறந்தது இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், முத்திரை தன் கையால் மடித்து ஒட்டித் தபாலில் சேர்த்த பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில். அந்த முதல் சாவு தப்பான செய்தி. தப்பு என்று முத்திரைக்குப் பத்தொன்பது வருஷமாகத் தெரியும். தையல்காரருக்கு இன்று வரை தெரியாது.

முத்திரை என்பது பட்டப்பேர். முப்பத்தாறு வருஷம் தபால் நிலையத்தின் பதிவுத்தபால் கவுண்ட்டரில் உட்கார்ந்து டப் டப்பென்று குத்தியவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? அவள் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியும் பேர் ஓய்வு பெறவில்லை. பேப்பரைப் பின்பக்கத்திலிருந்து படிக்கும் பழக்கமும் அப்படியே தங்கிவிட்டது. உலகம் எக்கேடு கெட்டாலும் சரி, அவளுக்கு முதலில் மரண அறிவிப்புகளைப் பார்த்தாக வேண்டும். படத்தில் இருந்தவருக்கு வழுக்கை விழுந்திருந்தது, கன்னம் ஊதியிருந்தது, மூக்கில் தடித்த கண்ணாடி. ஆனால் கழுத்து அதே கழுத்து. அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் அந்தக் காலத்தில் அவனுக்கு நெட்டை என்று பேர் வைத்தார்கள்.

அறுபத்தொரு வயது. மனைவி, மகள், மருமகன், ஒரு பேரன். மூன்று மணி வரை உடல் வீட்டில் இருக்கும், நான்கு மணிக்கு அடக்கம். கீழே விலாசம் போட்டிருந்தது. தையல்காரர் கடையிலிருந்து இரண்டு பஸ் மாறினால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

முத்திரை பேப்பரை மேஜைக்கு எதிர்ப்பக்கம் தள்ளினாள். அங்கே டீச்சர் டீ குடித்துக்கொண்டிருந்தாள். இருவரும் முப்பது வருஷமாக ஒரே வீட்டில், ஒரே அறையில், ஒரே சண்டையைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வாழ்கிறவர்கள். முத்திரையின் வாயிலிருந்து இந்த ரகசியம் போன ஒரே காது டீச்சருடையதுதான். அவள் நிதானமாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஒருவழியா முடிஞ்சுது. இனிமே நீ வாயத் திறக்க வேண்டிய அவசியமே இல்ல. செத்துட்டார்னு போட்டோம், செத்துட்டார். வருஷம்தான் கொஞ்சம் முன்னபின்ன."

பள்ளிக்கூடத்தில் அரை மதிப்பெண்ணுக்கு ஒரு மணி நேரம் வாதாடிய கணக்கு டீச்சர், இருபத்தெட்டு வருஷத்தைக் கொஞ்சம் என்று சொன்னதில் முத்திரைக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தெம்பில்லை.

"நாலு மணி வரைக்கும் முகத்தப் பாக்கலாம்டி. அதுக்கப்புறம் பாக்க முடியாது" என்றாள்.

"பாத்து?"

முத்திரை பேப்பரை இழுத்து நாலாக மடித்தாள். சொன்னால் தையல்காரருக்கு ஒரு முகம் கடைசியாக ஒரு தடவை கிடைக்கும். சொல்லாவிட்டால் அவளுக்கு முப்பத்தைந்து வருஷச் சிநேகம் பத்திரமாக மிஞ்சும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவளுக்கு வழி தெரியவில்லை. போதாக்குறைக்கு அன்றைக்கு எப்படியும் அவர் கடைக்குப் போயாக வேண்டும். கைப்பையில் ஒரு பட்டியல் இருந்தது.

பட்டியலின் கதை இது. பத்திரிகையை நடத்திய சங்கத்துக்கு இப்போது கண்ணாடிக் கதவு போட்ட சொந்தக் கட்டடம் இருக்கிறது. அதன் நீளச் சுவரில் பத்திரிகையின் வரலாற்றை எழுதப்போகிறார்கள். சங்கத்துச் செயலாளர், முத்திரைக்குப் பேத்தி வயசுப் பெண், நல்ல சுறுசுறுப்பு, மூச்சுக்கு முந்நூறு தடவை போனில் செய்தி அனுப்புகிறவள். சுவரின் கடைசிப் பகுதியில் பத்திரிகை மரண அறிவிப்பு போட்ட நாற்பத்தொரு பேரும், அவரவர் வருஷமும் வரும். பழைய வழக்கப்படி இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். டீச்சரை விட்டால், பழைய ஆட்களில் நடமாட்டத்தோடு மிச்சம் இருப்பது முத்திரையும் தையல்காரரும்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் சுவரில் எழுதினால் அந்த வரலாறு அழகாகத்தான் இருக்கும். நடந்தபோது அவ்வளவு அழகில்லை. தையல்காரர் கடையின் பின்னறையில், வெட்டுத்துணி மூட்டைகள் மேல் உட்கார்ந்து ஏழு பேர் ஆரம்பித்தார்கள். ஆணை நேசிக்கும் ஆண்கள் நாலு பேர், பெண்ணை நேசிக்கும் பெண்கள் இரண்டு பேர், தான் எந்தப் பக்கம் என்று கடைசி வரை முடிவு செய்யாத ஒரு போட்டோகிராபர். எல்லாரையும் வீடு தலைமுழுகியிருந்தது, அல்லது தெரிந்தால் தலைமுழுகிவிடும். அதனால் யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. தொழிலைச் சொல்லிக் கூப்பிடு, இல்லாவிட்டால் பட்டப்பேர் வை. பத்திரிகைக்கு ஒரு பேர் இருந்தது, ஆனால் பஸ்ஸில் வாய்விட்டுச் சொன்னால் வம்பு என்பதால் வெறுமனே பத்திரிகை என்றார்கள். அச்சகம் நாலு மாறியது. தபாலில் போகும் உறை மேல் 'வீட்டுத் தோட்டம், மாத இதழ்' என்று அச்சடித்தார்கள். ஒரு சந்தாதாரரின் மாமியார் அந்த உறையைப் பார்த்துவிட்டு, ரோஜா இலை ஏன் சுருள்கிறது என்று கேட்டு எழுதியிருந்தார். டீச்சர் நூலகத்துக்குப் போய்ப் படித்துப் பதில் எழுதினாள். இலை சரியாகி, அந்த அம்மாள் நன்றிக் கடிதம் வேறு போட்டார்.

முதல் ஊர்வலத்தில் பத்தொன்பது பேர் நடந்தார்கள். காவலுக்கு முப்பத்தொரு போலீஸ். மழை கொட்டியது, போலீசிடம் மழைக்கோட்டு இருந்தது. அட்டையில் ஆண் படமா பெண் படமா என்று மாதாமாதம் சண்டை. திருநர் பக்கம் எத்தனை என்று சண்டை. யார் யாரிடம் முதலில் பேசாமல் போனார் என்பதே ஒரு பெரிய வரலாறு, அதை எந்தச் சுவரிலும் எழுத மாட்டார்கள். முத்திரை எல்லாக் கூட்டத்துக்கும் போனாள். மூன்று மணி நேரம் அரைத்த மாவையே அரைத்துவிட்டு, நாற்காலிகளை அடுக்கிவைத்து, விளக்கை அணைத்துவிட்டு வரும் ஆள் எல்லாச் சங்கத்திலும் ஒருத்தி இருப்பாளே, இங்கே அது அவள்தான். இப்போது யோசித்தால் அவளுக்குப் பெருமையை விட முதுகுவலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

பத்திரிகைக்கு இரண்டு விதிகள் இருந்தன. ஒரு வாசகர் எங்கே இருக்கிறார் என்பதை அவர் சம்மதம் இல்லாமல் இன்னொரு வாசகரிடம் சொல்லக்கூடாது, இது முதல் விதி. விலாசம் மொத்தமும் முத்திரையின் தலைக்குள் இருந்ததால் இந்த விதியைக் காப்பது அவள் பொறுப்பு. இரண்டாவது விதி எய்ட்ஸ் நோய் வந்த பிறகு வந்தது. மரண அறிவிப்பு போட இரண்டு பேர் கையெழுத்து வேண்டும்.

அந்த நோய் வருஷங்களை என்னவென்று சொல்வது? ஆள் மெலிவான், இருமுவான், ஆஸ்பத்திரிக்குப் போவான். ஒருநாள் படுக்கை காலியாக இருக்கும். அதுவரை எட்டிப்பார்க்காத குடும்பம் வந்து காதும் காதும் வைத்தாற்போல் தூக்கிப்போயிருக்கும். எங்கே அடக்கம், எப்போது, எதுவும் சொல்ல மாட்டார்கள். கேட்கப் போனவர்களை வாசலோடு துரத்தினார்கள். சில வீடுகள் வெட்கத்தில் ஊரையே விட்டுப் போயின. சாவைத் தெரிந்துகொள்ள முத்திரையிடம் இருந்தது தபால் மட்டும்தான். ஒருவருக்குப் போன பத்திரிகை தொடர்ந்து மூன்று மாதம் 'பெறுபவர் இல்லை' என்று திரும்பி வந்தால், பேப்பர் அறிவிப்புகளைத் துழாவுவாள், அக்கம்பக்கத்தில் விசாரிப்பாள். அதோடு அந்த ஆளை நெருங்கித் தெரிந்த ஒருவரும் கையெழுத்துப் போட்டால் கறுப்புக் கட்டம் கட்டிப் போடுவார்கள். முப்பத்திரண்டு தடவை அது சரியாகவே இருந்தது. அதனால்தான் முப்பத்துமூன்றாவது தடவை யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முப்பத்துமூன்றாவது ஆள் நெட்டை. தையல்காரரோடு கடை மாடியில் ஆறு வருஷம் இருந்தவன், மெலிந்தான், ரத்தம் வர இருமினான். ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் படுக்கை காலி. அண்ணன் வந்து கூட்டிப்போனாராம். அண்ணன் வீட்டுக்கு ஓடினால் வீடு பூட்டிக் கிடந்தது. மாடிக்கு வந்துகொண்டிருந்த சந்தாவை அவன் எப்போதோ அண்ணன் வீட்டு விலாசத்துக்கு, தன் பேரில் வேறு மாற்றியிருந்தான். அண்ணன் கண்ணில் படட்டும் என்ற ஏதோ கணக்கு. அந்தப் பிரதி மூன்று மாதமும் திரும்பி வந்தது. தையல்காரர் கையெழுத்துப் போட மறுத்தார். செத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும் என்றார். கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றார், ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். அதைப் பார்க்க முத்திரைக்குப் பொறுக்கவில்லை. அவள் அந்த வருஷம் மட்டும் பதினோரு கட்டம் கட்டியவள். அசந்துபோயிருந்தாள்.

"கையெழுத்து போடுங்க அண்ணா. போட்டுட்டு அழுங்க" என்று சொன்னது அவள்தான்.

அவர் போட்டார். நாலு வரி எழுதிக்கொடுத்தார். அழுதார். அன்றிலிருந்து தையல்காரர் சங்கத்தில் எல்லாருக்குமான துக்கக்காரர் ஆகிப்போனார். வருஷாவருஷம் ஊர்வலத்தில் இடது கையில் கறுப்புத் துணி கட்டி முன்னால் நடப்பார். நினைவுநாளில் முதல் பேரை அவர்தான் வாசிப்பார். சின்னப் பிள்ளைகள் அவரைப் படம் பிடித்துப் போனில் போடுகிறார்கள், ஆயிரக்கணக்கான பேர் பார்த்து அழுகிறார்களாம்.

ஒன்பது வருஷம் கழித்து ஒரு நண்பகலில், கவுண்ட்டருக்கு முன்னால் நெட்டை வந்து நின்றான். ஒரு கையில் பார்சல். மறு கை விரலைப் பிடித்துக்கொண்டு ஆறேழு வயதுப் பெண் குழந்தை. குத்த எடுத்த கட்டையை முத்திரை மை டப்பியிலேயே வைத்துவிட்டாள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. வரிசையில் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். அவள் பார்சலை எடை போட்டாள், அவன் தணிந்த குரலில் பேசினான். வந்தது அந்த நோய் இல்லை, காசநோய். வேறு ஊரில் ஒன்றரை வருஷம் மாத்திரை. பிறகு வீட்டில் பார்த்து வைத்த கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு யாரோ கொடுத்த பழைய பிரதியில் தன் சாவைத் தானே படித்தான்.

"நல்லா எழுதியிருந்தாரு" என்றான். "உடனே அவருக்குக் கடிதாசி போடணும்னு தோணிச்சு. அப்புறம் இப்படியே இருந்துடலாமேன்னு தோணிச்சு. செத்தவன யாரும் தேட மாட்டாங்க இல்ல? சொல்லிடாதீங்கக்கா."

குழந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. முத்திரை தலையாட்டினாள். ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள். அடுத்தவர் மணியார்டர் பாரத்தை நீட்டினார்.

முதல் விதியைக் காப்பாற்றினோம் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், விதி பாதிதான். மீதிப் பாதி பயம். கையெழுத்துப் போடு என்று நெருக்கியவள் அவள். அந்த மனிதர் ஒன்பது வருஷம் அழுததைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லி எந்த முகத்தோடு போய் நிற்பது? இன்றைக்கு வேண்டாம், நினைவுநாள் முடியட்டும், ஊர்வலம் முடியட்டும் என்று தள்ளித் தள்ளிப் போட்டாள். தள்ளியதில் பத்தொன்பது வருஷம் ஓடியது.

அவள் பஸ்ஸைப் பிடித்துக் கடைக்குப் போனபோது மணி பன்னிரண்டரை. பேப்பர் கைப்பையில் நாலாக மடிந்திருந்தது. வழி நெடுக, சொல்லலாம் என்று ஒரு நிறுத்தம், வேண்டாம் என்று ஒரு நிறுத்தம். தையல்காரர் வெட்டுமேஜையில் ஒரு கோட்டைப் புரட்டிப்போட்டு, கைக்குள் லைனிங் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா. இஸ்திரிப் பெட்டி ஓரமாகச் சூடாகிக்கொண்டிருந்தது. அறுபத்தொன்பது வயதிலும் ஊசியில் நூல் கோக்க அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. ஐந்து மணிக்குக் கல்யாண மாப்பிள்ளை கோட்டுக்கு வருகிறான், உட்கார் என்றார்.

பட்டியலை நீட்டினாள். அவர் மற்ற நாற்பது பேரையும் விட்டுவிட்டு, விரலை நேரே முப்பத்துமூன்றாவது வரியில் கொண்டுபோய் வைத்தார்.

"வருஷம் சரியாத்தான் போட்டிருக்காங்க" என்றார்.

அந்த விரலைப் பார்த்ததும்தான் முத்திரைக்கு முடிவு வந்தது. பேப்பரை எடுத்து, பிரித்து, பட்டியல் மேல் வைத்தாள். அவர் முதலில் படத்தைப் பார்த்தார், ஒன்றும் தோன்றவில்லை. கீழே இருந்த பேரைப் படித்தார். கடையில் யாரும் சொல்லாத அந்தச் சொந்தப் பேர் அவருக்குத் தெரியும். திரும்பப் படத்தைப் பார்த்தார். பிறகு மனைவி, மகள், மருமகன், பேரன் என்று ஒவ்வொரு சொல்லாக உதடு அசைத்துப் படித்து முடித்தார். இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

வெளியே ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் கேட்டது. 

"உனக்கு எப்ப தெரியும்?"

இன்றைக்குக் காலையில்தான் என்று சொல்லியிருக்கலாம். பேப்பர் அதற்குத் தோதாக மேஜை மேலேயே இருந்தது. டீச்சர் செத்தாலும் காட்டிக்கொடுக்க மாட்டாள். கேட்க நெட்டையும் இல்லை. அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அவளுக்கு அலுத்துவிட்டது. இன்னொரு பொய்யைத் தூக்கிச் சுமக்க அவளுக்கு முதுகு இல்லை.

"பத்தொம்பது வருஷமா" என்றாள்.

கவுண்ட்டரில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். காசநோய், கல்யாணம், குழந்தை, சொல்லிவிடாதீர்கள் என்று அவன் கேட்டது, அவள் தலையாட்டியது. அவர் கழுத்து நாடாவை எடுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தார், சுருட்டி முடித்து மறுபடி பிரித்தார்.

"என்னப் பத்தி என்ன சொன்னான்?"

"நல்லா எழுதியிருந்தாருன்னு சொன்னார்."

"நாலு வரி" என்றார் தையல்காரர். "நாலு நாள் உக்காந்து எழுதினேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவரோ மேஜை மேல் இருந்த, துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்து விரலிடுக்கில் உருட்டியபடி யோசித்தார்.

"பத்தொம்பது வருஷம்னா, பேக்கரிக்காரர் கேட்ட வருஷம்."

முத்திரை மனசுக்குள் வருஷத்தைக் கூட்டிப் பார்த்தாள், சரியாக வந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ விதமாக யோசித்திருக்கிறாள், இதை மட்டும் யோசித்ததில்லை. அல்லது யோசிக்காமலிருக்கப் பழகியிருந்தாள். இரண்டு தெரு தள்ளி பேக்கரி வைத்திருந்தவர், பத்திரிகை மடிக்கும் நாட்களில் பின்னறைக்கு வந்து உதவியவர், அதிகம் பேசாதவர். அந்த வருஷம் அவர் தையல்காரரிடம், பேக்கரி மாடியில் இரண்டு அறை இருக்கிறது, வந்து என்னோடு இருக்கிறீர்களா என்று கேட்டார். தையல்காரர் மூன்று வாரம் தூங்கவில்லை, பிறகு மாட்டேன் என்றுவிட்டார். நெட்டை கவுண்ட்டருக்கு வந்து போய் அப்போது நாலு மாதம்.

"உன் வீட்டுக்கு வந்து கேட்டேனே. நான் போனா நெட்டைக்குத் துரோகமாயிடுமான்னு கேட்டேன்."

"கேட்டீங்க."

"டீ போட்டுக் குடுத்த. உங்க மனசுக்கு எது சரின்னு படுதோ அதச் செய்ங்க அண்ணான்னு சொன்ன."

"ஆமா."

"எனக்கு ஒருத்தர் ஆமா இல்லன்னு சொன்னா போதும்னு இருந்துது முத்திரை. அதுக்குத்தான் வந்தேன்."

விதி இருந்தது என்றாள் அவள். வாக்குக் கொடுத்திருந்தேன் என்றாள். தன் காதுக்கே அது உப்புச்சப்பில்லாமல் கேட்டது.

"இன்னிக்கு உடைக்க முடிஞ்ச விதி அன்னிக்கு மட்டும் இரும்பாவா இருந்துது?"

"பயந்துட்டேன் அண்ணா. கையெழுத்து போடச் சொன்னது நான்தானே. நீங்க என்ன வெறுத்துடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் அவளைப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷமாகத் தெரிந்த முகம். அதில் கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். களைப்புதான் இருந்தது, அவளுடைய களைப்பைப் போலவே. எப்போதும் கூட்டம் முடிந்து கிளம்பும்போது இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் பார்க்கும் அதே களைப்பு. வித்தியாசம், இந்தத் தடவை அதற்குக் காரணம் அவள்.

மணி ஒன்றரை ஆகியிருந்தது. இப்போது கிளம்பினாலும் மூன்றுக்குள் போய்விடலாம், நானும் வருகிறேன், பழைய சிநேகிதர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

"அவனுக்கு நான் அழுது முடிச்சாச்சு" என்றார். "அந்தப் பொண்ணும் பேரனும் நிக்கிற எடத்துல நான் போய் யாருன்னு நிக்கிறது? அவன் என்னக் கூப்பிடல. கூப்பிடணும்னா பத்தொம்பது வருஷம் இருந்துது அவனுக்கும்."

பட்டியலை இழுத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். முப்பத்துமூன்றாவது வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்தார். கீழே கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் திருப்பினார்.

"சுவத்துக்கு நாப்பது பேர் போதும். இந்த வருஷம் நினைவுநாளுக்கு வேற யாரையாவது வாசிக்கச் சொல்லு."

முத்திரை அவர் பேருக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.  அந்தப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது, ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்து அழுத படத்துக்கு என்ன பதில் என்றெல்லாம் ஒரு பக்கம் ஓடியது. சங்க வேலை பார்த்த புத்தி, சாவு வீட்டிலும் அறிக்கை எழுதும். அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. பட்டியலைப் பைக்குள் வைத்தாள், எழுந்திருக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

அவர் பேனாவை மூடவில்லை. ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கம் திருப்பி, பேனாவோடு சேர்த்து அவள் முன்னால் தள்ளினார்.

"பேக்கரிக்காரர் ஊரை விட்டுப் போனதுக்கப்புறமும் பத்திரிகை வாங்கிட்டுத்தான் இருந்திருப்பாரு. விலாசம் உனக்கு ஞாபகம் இருக்கும். எழுது."

இருந்தது. பத்திரிகை நின்று மூன்று வருஷம் ஆகியும் அறுநூறு விலாசமும் அவளுக்கு மனப்பாடம். வீட்டு எண், தெரு, மாடிப்படி இடது பக்கம் என்ற குறிப்பு வரை. அந்த உறைகளை ஒட்டியவள் அவள். முதல் விதியைச் சற்று முன்னால் ஒரு தடவை உடைத்தாகிவிட்டது, இன்னொரு தடவை உடைப்பதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்தாள். ஆனால் முதல் வரியை எழுதக் கை வரவில்லை. அந்த உறையின் முதல் வரி அவளுக்குத் தெரியும்.

"என்ன, மறந்துடுச்சா?"

"இல்ல அண்ணா" என்றாள். "கடைசி ஏழு வருஷமா அது ரெண்டு பேர் பேர்ல போச்சு."

தையல்காரர் அந்த வெற்றுத் தாளைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு, ஐந்து மணிக்குத் தரவேண்டிய கோட்டின் அடுத்த கையைத் திருப்பினார்.